கமக்காரர் வீட்டில் நாயும் பூனையும்

நெல்லைச் சேமித்து வைக்கும் வீட்டுக்கு நாயும் வேண்டும், பூனையும் வேண்டும். கட்டாக்காலி மாடு தோட்டத்துள் நுழைந்தாலும், இரவிற் காட்டுப்பன்றி வந்தாலும் நாய் குரைத்து அறிவிக்கும். விதைநெல்லையும் பயறு உழுந்து மூடைகளையும் எலியிடமிருந்து காப்பது பூனை. ஆயினும் இவ்விரண்டையும் ஒரே வளவில் வளர்த்தல் இயலாதெனக் கமக்காரர் பலர் எண்ணுகின்றனர். நாய் துரத்தத் துரத்தப் பூனை அயல் வீட்டுக்குக் குடிபெயர்ந்துவிடும். சாக்கில் ஓட்டை விழுந்து விதைநெல் சிந்திய பின்னரே அதன் அருமை தெரியவரும்.

பூனை மனிதனை அண்டியதே தானியத்தின் பொருட்டாகும். ஓநாயின் வழிவந்த நாய், மக்கள் வேட்டையாடித் திரிந்த காலத்திலேயே அவர்களுடன் சேர்ந்துகொண்டது. காட்டுப்பூனையோ, மேற்காசியாவிற் பயிர்ச்செய்கை தோன்றிய பின்னர், களஞ்சியத்து எலியைத் தேடி வந்தது. சைப்பிரசுத் தீவில் ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில், மனிதன் ஒருவனுக்கு அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஓடுவதைத் துரத்துதல் நாயின் இயல்பு. அஞ்சினால் ஓடுதல் பூனையின் இயல்பு. பகை எனப்படுவது பெரும்பாலும் இவ்வளவே.

இதனைத் தடுப்பதற்கு ஏற்ற காலம் குட்டிப்பருவமாகும். நாய்க்குட்டி பிறந்த 3 ஆம் கிழமையிலிருந்து ஏறக்குறைய 12 ஆம் கிழமை வரையும், பூனைக்குட்டி 2 ஆம் கிழமையிலிருந்து 7 ஆம் கிழமை வரையும் பழகிய உயிர்களைப் பின்னர் எளிதில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பூனைக்குட்டியை 8 கிழமைக்கு முன்னர் தாயிடமிருந்து பிரித்தல் நன்றன்று. ஆகவே, நாய் வளரும் வீட்டிற் பிறந்த பூனைக்குட்டியையே கேட்டு வாங்குக. இஃது ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

வளர்ந்த நாய் உள்ள வீட்டுக்குப் பூனையைக் கொண்டுவருவோர் முதற்கிழமை முழுவதும் அதனை நெல் வைக்கும் அறையில் அடைத்து வைத்தல் வேண்டும். பூனை படுத்த சாக்கை நாய்க்கும், நாய் படுத்த சாக்கைப் பூனைக்கும் மாற்றிப் போட்டால், ஒன்றின் மணம் மற்றதற்குப் பழகும். அதன் பின்னர், நாய்க்கு வயிறார உணவு கொடுத்துச் சங்கிலியிற் கட்டி, நாளுக்குப் பத்து நிமிடம் இரண்டையும் ஒன்றையொன்று காணச் செய்க. பூனையைக் கையிற் பிடித்துக்கொண்டு நாயின் முன் நிற்கலாகாது, கீறல் உங்களுக்கே. பூனையைப் பார்த்ததற்காக நாயை அடிப்பதும் தவறு. பூனை வந்தால் அடி விழும் என்றே அது கற்றுக்கொள்ளும். பேசாமற் படுத்திருந்தாற் சிறிது கருவாடு கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். பூனை ஏறி ஒதுங்குவதற்குப் பறணோ உயரப் பலகையோ எப்பொழுதும் இருத்தல் வேண்டும். முன்னர் பூனையைக் கொன்று பழகிய நாயிடம் இம்முயற்சி வேண்டாம்.

பெரும்பாலான சண்டை உணவுக் கோப்பையிலேயே தொடங்குகின்றது. பூனையின் உணவை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்கவும். சோறும் சொதியும் பூனைக்குப் போதா; மீனோ இறைச்சியோ இல்லாவிடின் அதன் கண்ணும் இருதயமும் கெடும். பட்டினி போட்டால் நன்றாக எலி பிடிக்கும் என்பார் சொல்லை நம்பவேண்டாம். பசித்த பூனை ஊர் சுற்றும். உண்ட பூனையும் வேட்டையாடும். எனினும் வளர்ந்த பெருச்சாளியைப் பல பூனைகள் நெருங்கமாட்டா. அதற்குப் பொறியே வேண்டும். பூனை உள்ள இடத்தில் எலிப்பாஷாணம் வைத்தால், நஞ்சுண்ட எலியைத் தின்று பூனையும் மடியக்கூடும்.

நாயின் உண்ணிக்குப் பூசும் மருந்துகளுட் சில பூனைக்குக் கொடிய நஞ்சாகும். பெர்மெத்திரின் கலந்த மருந்தைப் பூசிய நாயின்மீது பூனை உரசிப் படுப்பதும் ஆபத்தானது. ஆகவே மருந்து நன்கு காயும்வரை இரண்டையும் பிரித்து வைக்கவும்.

விசர்நோய்த் தடுப்பூசியை நாய்க்கு இடுவிக்கும் பலர் பூனையை மறந்துவிடுகின்றனர். விசர்நாய் கடித்த பூனைக்கும் அந்நோய் வரும். அது கீறினாலும் கடித்தாலும் நமக்கும் வரும். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிய பின்னர், தாமதியாது அரசினர் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். தடுப்பூசி இடுவோர் ஊருக்கு வரும் நாளில் நாயைச் சங்கிலியிலும், பூனையை வாய் கட்டிய உரப்பையன்றிக் காற்றோட்டமுள்ள கூடையிலும் கொண்டு செல்க.