கெளுத்தியும் கூட்டமும்

வணிகப் பெருமக்களே! நம்மில் பலர் வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறோம். மயிலாப்பூரில் நம் வீட்டுத் தொட்டிக்கு, கொளத்தூர் போய் 'கோரிடோராஸ்' என்னும் குட்டிக் கெளுத்தி இரண்டு வாங்கி வந்தோம். ஜோடி போதும், தொட்டிக் கழிவைத் தின்றே பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணினோம். இரண்டும் கல்லுக்குப் பின்னால் பதுங்கியே கிடந்தன. ஒரு மாதத்தில் ஒன்று செத்தது. தவறு நம்முடையதே.

இவை தென் அமெரிக்க ஆறுகளில் கூட்டமாகத் திரிபவை. ஆகவே கவனிக்க வேண்டியவை:

1. ஒரே வகையில் குறைந்தது 6 மீன்கள் வேண்டும். வகைக்கு ஒன்றாக 6 வாங்கினால் கூட்டம் ஆகாது.

2. 6 மீன்களுக்கு 2 அடி நீளத் தொட்டி வேண்டும்.

3. அடியில் மெல்லிய மணல் பரப்புக. கூரிய கற்கள் மீசையைத் தேய்த்துவிடும்.

4. கழிவு தீனி ஆகாது. அடியில் மூழ்கும் தீனியைத் தனியே போடுக.

5. இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்குவது இயல்பு. ஓயாமல் வந்தால் கால் பங்குத் தண்ணீரை மாற்றுக. குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கிய பிறகே ஊற்றுக.

பிறகு நாம் அதே வகையில் 5 சேர்த்தோம். ஒளிந்து கிடந்தது வெளியே வந்து, மற்றவற்றோடு மணலைக் கிளறித் தீனி தேடியது. தனிக் கடைக்கு இல்லாத தைரியம் கடைத்தெருவுக்கு உண்டு என்பதை நாம் அறியாதவர்களா?