அரை லிட்டர் பாட்டிலும் அடிபட்ட கையும்

உங்கள் வகுப்பில் யாருக்காவது கை முறிந்து, மாவுக்கட்டுப் போட்டு, பிறகு அதை அவிழ்த்ததைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் கை வேறு யாருடையதோ போல இருக்கும். தோல் செதில் செதிலாக உரியும். மற்றக் கையைவிட இளைத்திருக்கும். முழங்கை பாதி தூரம்தான் மடங்கும். ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கச் சொன்னால் நடுங்கும்.

எங்கள் தெருவில் உள்ள ஓர் அண்ணனுக்கு இப்படி நேர்ந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஓர் இரும்புப் பட்டறையில் அவருக்கு வேலை. மழை நாளொன்றில், கவரைப்பேட்டை அருகே வண்டி சறுக்கி விழுந்ததில் வலது முன்கை எலும்பு விரிந்துவிட்டது. மேற்கையிலிருந்து விரல் அடிவரை கட்டு. ஆறு வாரம் அப்படியே. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொல்லி, கட்டையும் அவிழ்த்துவிட்டார்கள். பளு தூக்குகிற வேலை அவருடையது. கை பழைய நிலைக்கு வந்தால்தான் பழைய ஷிப்டு, பழைய சம்பளம். அந்த அவசரத்தில் என்ன செய்தார் தெரியுமா? மூன்றாம் நாளே, "பார்க்கலாம் ஒரு கை" என்று தெருக்குழாயில் நிறைந்திருந்த குடத்தை வலக்கையால் இடுப்புக்குத் தூக்கினார். குடம் பாதியில் விழுந்தது. முழங்கை வீங்கி, ஒரு வாரம் கையை அசைக்க முடியாமல் போயிற்று.

எலும்புதான் கூடிவிட்டதே, பிறகு ஏன் தூக்க முடியவில்லை? "தசை இளைத்துவிட்டது, அதனால்தான்" என்று நீங்கள் சொல்வீர்கள். அது பாதி விடைதான். மீதிப் பாதியில்தான் சுவையே இருக்கிறது.

நெதர்லாந்தில் உள்ள மாஸ்டிரிக்ட் பல்கலைக்கழகத்தில் உடல்நலம் உள்ள இளைஞர்களின் ஒரு காலுக்கு வேண்டுமென்றே கட்டுப் போட்டு அளந்து பார்த்தார்கள். பதினான்கு நாளில் தொடைத்தசையின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தத் தசையின் வலிமையோ 23 சதவீதம் குறைந்துவிட்டது! தசை எவ்வளவு இளைத்ததோ அவ்வளவுக்குத்தான் வலிமையும் குறைய வேண்டும் அல்லவா? அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு குறைந்திருக்கிறதே! மீதி எங்கே போயிற்று?

அதில் பெரும் பங்கு நரம்பில் போயிற்று.

தசை தானாகச் சுருங்குவதில்லை. தண்டுவடத்தில் உள்ள ஒரு நரம்புச் செல்லிலிருந்து நீளும் இழை, தசைக்குள் சென்று பல கிளைகளாகப் பிரிந்து, பத்து, நூறு, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தசை இழைகளைத் தொடுகிறது. அந்தச் செல் கட்டளையிட்டால் அத்தனை இழைகளும் ஒன்றாகச் சுருங்கும். ஒரு நரம்புச் செல்லும் அதன் தசை இழைகளும் சேர்ந்ததை 'இயக்க அலகு' என்கிறோம். ஒரு தசையில் இப்படிப்பட்ட அலகுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. பென்சிலைத் தூக்க ஒரு சில போதும். குடத்தைத் தூக்கப் பெரும்பாலானவை வேலைக்கு வர வேண்டும். இதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. சிறிய அலகுகள் முதலில் வரும். சுமை கூடக் கூடப் பெரியவை வந்து சேரும். எல்வுட் ஹென்னிமன் என்ற அமெரிக்க அறிஞர் 1957இல் இதைக் காட்டினார்.

கட்டுக்குள் அசையாமல் கிடந்த கைக்கு இந்த அழைப்பு முறை மறந்துபோகிறது என்று சொல்லலாம். அடிபட்ட மூட்டில் வலியும் வீக்கமும் இருந்தால் தண்டுவடம் வேறு குறுக்கே நின்று, "அதிகம் இழுக்காதே" என்று அலகுகளை அடக்கிவைக்கிறது. ஷிப்டுக்குச் சங்கு ஊதியும் பாதித் தொழிலாளர்கள் வராத பட்டறை போன்றது அந்தத் தசை. ஆள் இருக்கிறார்கள், அழைப்புத்தான் போய்ச் சேரவில்லை.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1979இல் மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர், எட்டு வாரம் பளு தூக்கிப் பயின்றவர்களின் கைத்தசைகளில் எழும் மின்னலைகளை அளந்தார்கள். முதல் சில வாரங்களில் வலிமை கூடியது. தசையின் பருமனோ அவ்வளவாகக் கூடவில்லை. நரம்புதான் முதலில் கற்றுக்கொண்டது. தசை பிறகுதான் பருத்தது. வியப்பு என்னவென்றால், பயிற்சியே கொடுக்காத மறு கையிலும் ஓரளவு வலிமை கூடியது! இது புதுச் செய்தியும் அல்ல. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1894ஆம் ஆண்டிலேயே ஒரு கையால் அழுத்திப் பயின்றவரின் மற்றக் கையிலும் வலு ஏறியதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆகவே வலக்கை கட்டுக்குள் இருக்கும்போதே இடக்கையால் பயிற்சி செய்தால் அதன் பலன் கொஞ்சம் வலக்கைக்கும் போய்ச் சேரும். நம் அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

இனி, அந்தக் குடத்துக்கு வருவோம். நெம்புகோல் பாடம் நினைவிருக்கிறதா? முன்கை ஒரு நெம்புகோல். முழங்கை அதன் ஆதாரப்புள்ளி. உள்ளங்கையில் உள்ள சுமை முழங்கையிலிருந்து ஏறக்குறைய 35 செ.மீ. தள்ளி இருக்கிறது. கையை மடக்குகிற இருதலைத் தசையோ முழங்கைக்கு 5 செ.மீ. தூரத்திலேயே எலும்பைப் பற்றியிருக்கிறது. முப்பத்தைந்தை ஐந்தால் வகுத்தால் ஏழு. அதாவது, கையில் 1 கிலோ இருந்தால் தசை 7 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். பதினைந்து லிட்டர் குடத்தை முழங்கை மடித்துத் தூக்கினால்? ஏழு பதினைந்து நூற்றைந்து. மூன்று நாளுக்கு முன் கட்டு அவிழ்த்த கையைப் பார்த்து, "நூறு கிலோவுக்கு மேல் இழு" என்று கட்டளையிட்டிருக்கிறார் அண்ணன்!

வீக்கம் வடிந்ததும் அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் போனார். அவர் கொடுத்த கருவியைக் கண்டு அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்! அதிலும் முக்கால் பாகத்துக்கும் குறைவாக, 300 மில்லி லிட்டர் மட்டும். ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் ஒரு கிராம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக 300 கிராம். பாட்டிலின் எடை கொஞ்சம். "எட்டுத் தடவை மடக்கி நீட்டுங்கள். இன்னும் நாலு தடவை முடியும் என்று தோன்றும்போதே வைத்துவிடுங்கள். ஆனால் நாளைக்கு ஆறு வேளை செய்ய வேண்டும்" என்றார் மருத்துவர். பல் தேய்த்ததும் ஒன்று, ஒவ்வொரு டீக்கும் ஒன்று, படுக்குமுன் ஒன்று என்று அண்ணன் கணக்கு வைத்துக்கொண்டார்.

ஒரே வேளையில் நாற்பத்தெட்டுத் தடவை தூக்கினால் என்ன? கணக்கு ஒன்றுதானே? இங்கேதான் கவனிக்க வேண்டும்.

முதலில், நரம்பு கற்பது வாய்ப்பாடு கற்பதைப் போன்றது. களைத்த பின் செய்கிற அசைவு கோணலாகப் போகும். கோணலாகவே மனப்பாடமும் ஆகும். களைப்பு இல்லாமல் அடிக்கடி செய்தால் சரியான அழைப்பே திரும்பத் திரும்பப் பதியும்.

அடுத்தது எலும்பும் மூட்டு நாரும். அமெரிக்காவின் இந்தியானாவில் ராப்ளிங், டர்னர் முதலானோர் எலிகளின் முன்கை எலும்பில் ஒரு நாளைக்கு 360 அழுத்தங்கள் கொடுத்தார்கள். சில எலிகளுக்கு மொத்தமும் ஒரே மூச்சில். சிலவற்றுக்குத் தொண்ணூறு தொண்ணூறாக நான்கு வேளை. பிரித்துக் கொடுத்த எலிகளுக்கே எலும்பு நன்றாக வளர்ந்தது. அந்த முடிவுகள் 2002இல் வெளிவந்தன. எலும்புச் செல்கள் சிறிது நேரம்தான் 'கேட்கும்'. பிறகு காதைப் பொத்திக்கொள்ளும். கலிபோர்னியாவில் கீத் பார் குழுவினர் ஆய்வகத்தில் செல்களைக் கொண்டு வளர்த்த மூட்டு நாரிலும் இதையே 2012இல் கண்டார்கள். பத்து நிமிடம் இழுத்ததுமே செல்களின் பதில் உச்சத்தை எட்டிவிட்டது. மறுபடி கேட்க அவற்றுக்கு ஆறு மணி நேரம் ஓய்வு தேவைப்பட்டது. (கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்ந்த நார் அது, உங்கள் முழங்கை அல்ல. எனினும் வழி காட்டுகிறது.) அப்படியானால் நாருக்கு இரண்டு மூன்று வேளையே போதும், ஆறு வேளை என்பது நரம்புக்காக.

தசை எப்படி? நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கு வாரத்தில் தூக்குகிற மொத்த அளவு ஒன்றாக இருந்தால், அதைப் பல நாளாகப் பிரிப்பதால் தசை பருப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் வலிக்கிற கையால் அந்த மொத்தத்தை ஒரே வேளையில் எட்டவே முடியாதே! ஆறாகப் பிரித்தால் வீக்கமில்லாமல் எட்டலாம்.

எளிய சுமையிலேயே நின்றுவிடலாமா என்றால், கூடாது. ஹென்னிமன் சொன்னது நினைவிருக்கட்டும். என்றென்றும் 300 கிராமையே தூக்கினால் பெரிய அலகுகளுக்கு அழைப்பே போகாது. அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், உலகப்போரில் காயமுற்ற வீரர்களுக்குப் படிப்படியாக எடை கூட்டித் தூக்கச் சொல்லி 1945இல் அதை எழுதினார். அதற்கு முன் அடிபட்டவர்களுக்கு ஓய்வும் மிக மெல்லிய அசைவுமே மருந்து. அவரும் ஒரு வேளைக்கு எழுபது முதல் நூறு தடவைவரை தூக்கச் சொல்லித் தொடங்கியவர்தான். அனுபவத்தில் அது அதிகம் என்று கண்டு, 1948இல் முப்பதாகக் குறைத்துக்கொண்டார். தன் முறையைத் தானே திருத்திக்கொண்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மறுவாழ்வு மருத்துவம் நம் மாநிலத்தில் வேரூன்றியதற்கும் ஒரு விபத்தே காரணம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது.

எங்கள் திருவள்ளூர்ப் பக்கத்தில் கை முறிந்தால் பலர் எல்லை தாண்டிப் புத்தூருக்குக் கட்டுப் போட ஓடுவார்கள். எந்தக் கட்டானாலும் சரி, எலும்பு கூடிவிட்டதா என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். அதற்கு முன் பாட்டிலைத் தொடக் கூடாது. தொட்ட பிறகும், மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் நேற்றைய சுமை அதிகம் என்று பொருள். மரத்துப்போதல், விரல் நீலம் பாரித்தல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அண்ணன் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருந்தார். வலி இல்லாத வாரத்தில் 100 மில்லி லிட்டர் ஏறும். வலித்த வாரத்தில் ஏறாது. இரண்டு முறை கோடு கீழேயும் இறங்கியது. பாட்டில் நிறைந்ததும் ஒரு லிட்டர் பாட்டில், பிறகு இரண்டு லிட்டர். மூன்றாம் மாதம் பட்டறையில் எடை குறைந்த வேலைக்குத் திரும்பினார். குடத்தைத் தூக்க மேலும் சில வாரம் ஆயிற்று.

நெம்புகோல் கணக்கை நீங்களே சோதித்துப் பாருங்கள். 30 செ.மீ. அளவுகோலின் தொடக்க முனை சுழலும்படி ஓர் ஆணியில் மாட்டுங்கள். 28 செ.மீ. குறியில் 100 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். 4 செ.மீ. குறியில் நூல் கட்டி, பள்ளி ஆய்வகத்துச் சுருள்வில் தராசால் நேர் மேலே இழுத்து, அளவுகோலைக் கிடையாக நிறுத்துங்கள். கணக்குப்படி 700 கிராம் காட்ட வேண்டும். தராசோ அதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது? அளவுகோலைத் தனியே நிறுத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். உங்கள் முன்கைக்கும் எடை உண்டல்லவா?