சுவத்துல இருந்தது யாரு? போட்டோவை வைத்துச் சிலந்தியைக் கண்டுபிடிப்பது எப்படி

போன செமஸ்டர் லீவுல ஊருக்குப் போயிருந்தேன். அப்பாயிக்கு முதுகுல கொப்புளம் கொப்புளமா வந்து ஒரே எரிச்சல். அன்னைக்கு ராத்திரி பாத்ரூம் சுவத்துல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. "இதுதான்டா மேல மூத்திரம் பேஞ்சிருக்கு"ன்னு அப்பாயி தீர்ப்பே சொல்லிட்டாங்க. சித்தப்பா செருப்பைத் தூக்கிட்டார். "ஒரு நிமிஷம் சித்தப்பா, போட்டோ எடுத்துக்குறேன்"னு நான் குறுக்கே போய் நின்னேன்.

எடுத்த படத்தை மொபைல் செயலியில் போட்டால், முதலில் வந்த பெயர் 'பிரவுன் ரெக்லூஸ்'. அமெரிக்காவில் இருக்கும் விஷச் சிலந்தி! வீடே கலங்கிப் போச்சு. அதுக்கப்புறம் உட்கார்ந்து நான் சரிபார்த்த முறைதான் இந்தக் கட்டுரை.

படி 1: படம் ஒழுங்கா இருக்கணும்

நான் முதலில் எடுத்தது ஜூம் பண்ணி, கை நடுங்கி எடுத்த ஒரே படம். அதை வைத்து எந்தச் செயலியும் சரியான பதில் சொல்லாது. குறைந்தது மூன்று படம் வேண்டும்: மேலிருந்து முழு உடம்பும் கால்களும், முன்னாலிருந்து முகம், கொஞ்சம் தள்ளி நின்று அது இருக்கும் இடம். அளவு தெரிவது முக்கியம். ஸ்கேல் போடாத டிராயிங்குக்கு நம்ம சார் மார்க் போடுவாரா? சுவரில் டைல்ஸ் இருந்தால் அதுவே ஸ்கேல். சிலந்தி போன பிறகு டைல்ஸை அளந்துகொள்ளலாம். கையால் தொட வேண்டாம்.

படி 2: வலை இருக்கா, இல்லையா?

கூரை மூலையில் ஒழுங்கில்லாத ஒட்டடை, அதில் தலைகீழாகத் தொங்கும் சிறிய உடம்பு, நூல் மாதிரி நீளக் கால்கள், தொட்டால் வலையோடு சேர்ந்து குலுங்கும். இது ஃபோல்சிடே குடும்பம். ஒட்டடைக்குச்சியோடு நாம் தினமும் சண்டை போடுவது பெரும்பாலும் இவரோடுதான்.

வலை கட்டாமல் ஜன்னல் ஓரம் குட்டியாகத் தாவித் தாவிப் போய், நம்மைத் திரும்பிப் பார்த்தால் அது தாவும் சிலந்தி. முன்பக்கம் கார் ஹெட்லைட் மாதிரி இரண்டு பெரிய கண்கள் இருக்கும்.

வலையும் இல்லை, உருவமும் பெரிசு, உடம்பு தட்டை, கால்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் விரிந்திருக்கு என்றால், அது ஹன்ட்ஸ்மேன், அதாவது வேட்டைக்காரச் சிலந்தி. எங்கள் வீட்டு ஆள் இந்த மூன்றாவது வகை.

படி 3: கண்களை எண்ணு

பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். அவை அடுக்கப்பட்டிருக்கும் விதம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பிரவுன் ரெக்லூஸுக்கு ஆறே கண்கள்தான், மூன்று ஜோடிகளாக இருக்கும். கால்களோடு சேர்த்தே சுமார் 2.5 செ.மீ. அகலம். அதன் சொந்த இடம் அமெரிக்காவின் மத்திய, தெற்குப் பகுதிகள். எங்கள் படத்திலோ இரண்டு வரிசையில் எட்டுக் கண்கள், அதற்குக் கீழே மீசை மாதிரி வெளிறிய ஒரு பட்டை, கால் விரிப்பு டைல்ஸ் கணக்கில் சுமார் 10 செ.மீ. கண், அளவு, ஊர் மூன்றுமே பொருந்தவில்லை. செயலி நிறத்தை மட்டும் பார்த்து ஏமாந்திருக்கு.

அது ஹெட்டெரோபோடா வெனடோரியா. 1767-லேயே லின்னேயஸ் பெயர் வைத்த சிலந்தி. வெப்பமண்டல நாடுகள் எங்கும் வீடுகளில் இருக்கும். முக்கிய சாப்பாடு கரப்பான் பூச்சி. பெண் சிலந்தி வெள்ளை வில்லை மாதிரி முட்டைப் பையை வயிற்றுக்கு அடியில் தூக்கிக்கொண்டு திரியும். பிடித்து அழுத்தினால் கடிக்கும், கடித்த இடம் வலிக்கும். ஆனால் மனித உயிருக்கு ஆபத்தில்லை.

ஒரு எச்சரிக்கை. உலகில் பதிவான சிலந்தி இனங்கள் 2022-ல் 50,000-ஐத் தாண்டின. அவற்றில் பலவற்றை நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். அதனால் போட்டோவை வைத்துக் குடும்பம் வரை சொன்னாலே பெரிய விஷயம். மிச்சத்தை அடித்து விடக்கூடாது.

சரி, அப்போ கொப்புளம்?

சிலந்தி இல்லை என்று ஆனதும் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. சிலந்தி கடித்தால் பெரும்பாலும் கடித்த இடத்தில் மட்டும் வலியும் வீக்கமும் இருக்கும். அப்பாயிக்கோ முதுகெலும்பிலிருந்து வயிறு வரைக்கும், ஒரே பக்கமாக, பட்டை கட்டின மாதிரி கொப்புளம். அது வருவதற்கு இரண்டு நாள் முன்னாடியே அந்த இடத்தில் வலி இருந்ததாகச் சொன்னாங்க. காலையிலேயே டாக்டரிடம் கூட்டிட்டுப் போனோம். பார்த்த உடனே "அக்கி" என்றார். சின்ன வயசில் அம்மை போட்ட வைரஸ் நரம்பில் தூங்கிக் கிடந்து, வயசான பிறகு திரும்ப எழுவதாம். கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரையைத் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். நாங்கள் போனது இரண்டாவது நாள்.

"அக்கின்னு தெரிஞ்சிருந்தா வேளார் வீட்டுல போய்க் காவியில எழுதிட்டு வந்திருப்பேனே" என்று அப்பாயிக்குக் குறை. வைரஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது அப்பாயி என்று சொல்லி மாத்திரையைக் கொடுத்தேன்.

யோசிச்சுப் பாருங்க. அன்னைக்குச் செருப்பு விழுந்திருந்தால் 'குற்றவாளி' செத்துட்டான் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்போம், அந்த 72 மணி நேரமும் போயிருக்கும். அடுத்த தடவை சுவத்துல ஏதாவது தெரிந்தால் முதலில் மொபைலை எடுங்க. வெளியே விடணும் என்றால் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகித் தூக்கிட்டுப் போனால் போதும்.

எங்கள் வீட்டு ஆள் இன்னும் பாத்ரூம் அலமாரிக்குப் பின்னாடிதான் குடியிருக்கார். கரப்பான் தொல்லை குறைஞ்சிருக்குன்னு அப்பாயியே சொல்றாங்க!