எலியும் வேலியும்

வடசென்னையில் இராயபுரத்தைச் சார்ந்தது கல்மண்டபம். காசிமேட்டு மீன்பிடி துறைமுகமும் சென்னைத் துறைமுகமும் அதற்கு அணித்தே உள்ளன. கலங்கள் வந்து தங்கும் இடத்தில் பண்டங்களும், பண்டங்கள் தங்கும் கிடங்குகளில் எலிகளும் தங்குதல் இயல்பு. மக்கள் சென்ற திசையெல்லாம் கலமேறித் தாமும் சென்றவை கருப்பெலிகள். கடல் அவற்றிற்கு வேலியன்று. ஆயினும் அவற்றின் உடலுக்குள்ளேயே வேறொரு வேலி உண்டு என அறிவியல் அறிஞர் கண்டனர்.

உயிரணுக்களினுள் நூல்போன்ற குரோமோசோம்கள் உள்ளன. பெற்றோர் பண்புகளைப் பிள்ளைகளுக்கு வழங்கும் மரபணுக்கள் அவற்றில் அமைந்துள்ளன. மனிதனுக்குக் குரோமோசோம்கள் 46. ஜப்பானிய அறிஞர் யோசிடாவும் அவர்தம் துணைவரும் பல நாட்டுக் கருப்பெலிகளை ஆராய்ந்து, 1970-களில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கிழக்காசிய எலிக்கு 42. இலங்கை எலிக்கு 40. தென்னிந்திய எலிக்கு 38. இந்த 38 உடைய வகையே மேலைநாடுகளிலும் பரவியது.

கண்ணுக்கு ஒத்துத் தோன்றும் எலிகளிடையே இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது? இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாயின. தாய்வழி வந்தவற்றிலும் தந்தைவழி வந்தவற்றிலும் இவ்வாறு நேரவே, எண்ணிக்கையில் இரண்டு குறைந்தது. இரண்டு ஓலை நறுக்குகளை ஒட்டினால் ஓலையின் எண்ணிக்கை குறையும், எழுத்துக் குறையாது. அதுபோன்றதே இதுவும்.

வேறுபட்ட இரு வகைகள் கூடினால், பிறக்கும் குட்டியின் உடலில் ஒட்டிய குரோமோசோம் ஒன்றும் ஒட்டாதவை இரண்டும் இணைந்து நிற்கும். இனப்பெருக்க அணுக்கள் உண்டாகும்போது இம்மூன்றும் செவ்வனே பிரிதல் வேண்டும். பிழை நேரின் கரு அழியும். 42 உடையதும் 38 உடையதும் கூடிப் பிறந்தவை உயிர் வாழ்ந்தன. ஆனால் ஈனும் ஆற்றலில் குன்றின. ஒட்டுகள் மிகுந்தோறும் வேலியும் வலுப்பெறும்.

வீட்டுச் சுண்டெலிக்கு இயல்பாக உள்ளவை 40. அட்லாண்டிக் கடலிலுள்ள மதீராத் தீவிற்குக் கலமேறிச் சென்ற சுண்டெலிகள், மலைகள் பிரித்த பள்ளத்தாக்குகளில் ஒதுங்கி வாழ்ந்தன. 500 முதல் 1000 ஆண்டுகளுக்குள் அவை ஆறு வகைகளாகப் பிரிந்தன என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின் முடிபு.

இவ்வறிவால் பயன் யாது எனின், வேலிகள் யாவும் முழுமையானவை அல்ல. ஐரோப்பாவில் வீட்டுச் சுண்டெலியும் அல்ஜீரியச் சுண்டெலியும் வெவ்வேறு இனங்கள். அவற்றின் கலப்பில் பிறக்கும் ஆண்கள் பெரும்பாலும் மலடு. எனினும் பெண்வழியே வார்பரின் என்னும் எலிநஞ்சைத் தாங்கும் மரபணு ஓரினத்தினின்று மற்றோரினத்திற்குச் சென்றுவிட்டதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நேற்றுக் கொன்ற நஞ்சு இன்று பயனற்றுப் போகலாம்.

ஆதலின், தானியம் காப்போர் கிடங்கின் சுவரில் உள்ள வளையை அடைத்தல் மட்டும் போதாது. எந்த எலி எந்த எலியோடு உறவு கொள்ளும் என்பதையும் அறிதல் வேண்டும். சிற்றுயிர் என்று எதனையும் புறக்கணியாது ஆராய்வதே அறிவுடையோர் கடன்.