தொக்கணம்: தொட்டு ஆற்றும் மருத்துவம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. வாணியன் தருவது எண்ணெய். அந்த எண்ணெயை உடம்பில் தேய்த்து, உருவி, பிடித்துவிடும் கைக்கும் அப்பழமொழியில் பங்குண்டு. பகலெல்லாம் மூட்டை சுமந்தவரும், குனிந்து நாற்று நட்டவரும், தறியில் அமர்ந்தவரும் இரவில் நாடும் முதல் மருந்து வீட்டாரின் கைதான். உழைப்பாளர் வீட்டில் பிறந்த நான் இதை நாள்தோறும் கண்டு வளர்ந்தவன். அந்தக் கை நமக்கு எவ்வளவு உதவும், எங்கே தீங்கு செய்யும் என்பதை உடலியல் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் மரபும்

சித்த மருத்துவம் இக்கலையைத் தொக்கணம் என்று வழங்குகிறது. அம்மருத்துவம் கூறும் 32 புற மருத்துவ முறைகளுள் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என இது ஒன்பது வகைப்படும். வளி மிகுதியால் வரும் வலி, பிடிப்பு, வாதம் ஆகியவற்றுக்கு இதனைச் சிறப்பாகக் கூறுவர். சித்த மருத்துவம் கல்லூரிப் படிப்பாகவும் கற்பிக்கப்படுகிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது.

மேலை நாட்டிலும் இக்கலைக்கு வரலாறு உண்டு. ஸ்வீடன் நாட்டுப் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவினார். 'ஸ்வீடிஷ் மசாஜ்' என்ற பெயர் அவரோடு இணைத்துப் பேசப்பட்டாலும், கையசைவுகளை வகுத்துப் பெயரிட்ட பெருமை ஹாலந்து நாட்டு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கருக்கே (1838–1909) உரியது என்பர்.

அடுத்து நடந்தது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. இலண்டனில் சிலர் மசாஜ் என்ற பெயரை இழிசெயலுக்குத் திரையாக்கிக் கொள்ளவே, அத்தொழிலுக்கே அவப்பெயர் சூழ்ந்தது. அதனைத் துடைக்க 1894-இல் செவிலியர் நால்வர் கூடிப் பயிற்சி பெற்றோர் சங்கம் ஒன்றை அமைத்தனர். அச்சங்கமே வளர்ந்து இன்று பிரிட்டனின் பிசியோதெரபிச் சங்கமாக விளங்குகிறது. முறையான கல்வி, இழிவாகக் கருதப்பட்ட ஒரு கைத்தொழிலை மருத்துவமனைக்குள் கொண்டு சேர்த்தது!

ஐந்து அசைவுகள்

1. நீவுதல்: உள்ளங்கையால் மெல்ல நீளமாகத் தடவுதல். தொடக்கத்திலும் முடிவிலும் செய்வது.
2. பிசைதல்: தசையைப் பற்றித் தூக்கி, மாவு பிசைவது போல் அழுத்தி விடுதல்.
3. அழுத்தித் தேய்த்தல்: விரல் நுனியாலோ கட்டைவிரலாலோ சிறு வட்டமாகத் தேய்த்தல்.
4. தட்டுதல்: குவித்த கையாலோ கையின் ஓரத்தாலோ தாளகதியில் தட்டுதல்.
5. அதிர்வூட்டுதல்: கையை வைத்த இடத்திலேயே நடுங்கச் செய்தல்.

நம் ஒன்பது வகைகளுள் தட்டலும் அழுத்தலும் அசைத்தலும் இவற்றோடு ஒத்திருப்பது காண்க.

உடம்பில் நிகழ்வது என்ன?

முழங்காலை இடித்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே நம் கை அங்கே சென்று தேய்க்கிறது. ஏன்? மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-இல் வெளியிட்ட 'வாயில் கொள்கை' இதற்கு விடை கூறுகிறது. தொடு உணர்வைப் பருத்த நரம்பிழைகள் விரைந்து கடத்துகின்றன. வலியை மெல்லிய இழைகள் கடத்துகின்றன. தொடு உணர்வு தண்டுவடத்தை அடையும்போது, வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வாயில் ஓரளவு அடைபடுகிறது. ஆகவே வலி தணிகிறது.

களைத்த தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தைப் பிடித்துவிடுதல் வெளியேற்றுகிறது என்று பலரும் கூறுவர். அது சரியன்று. அவ்வமிலம் ஓய்வெடுத்தாலே ஒரு மணி நேர அளவில் தானே குறைந்துவிடும். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர் 11 பேரைச் சோரும் வரை சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டனர். அந்தக் காலின் தசையில் அழற்சிக்கான குறிகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமில அளவில் மட்டும் வேறுபாடில்லை. பயன் உண்மை, நாம் சொல்லி வந்த காரணம்தான் வேறு.

அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பளிப்பது. குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு மும்முறை, 15 நிமிட வீதம், 10 நாள்கள் மெல்ல நீவிக் கைகால்களை அசைத்து விட்டனர். மற்றக் குழந்தைகளைவிட இவற்றின் எடை நாள்தோறும் 47 விழுக்காடு மிகுதியாகக் கூடிற்று.

செய்யும் முறை

காலைப் பிடித்துவிடுவதையே எடுத்துக்கொள்வோம். நகத்தை வெட்டிக் கையைக் கழுவுக. வெதுவெதுப்பான நல்லெண்ணெய் சிறிதளவு போதும். பாதத்திலிருந்து மேல்நோக்கி நீவுக. சிரைக் குருதியும் நிணநீரும் இதயம் நோக்கிச் செல்வன. பின்னர்க் கெண்டைக்காலைப் பிசைக. முழங்காலின் பின்குழியில் குருதிக் குழாய்களும் நரம்பும் தோலுக்கு அருகில் இருப்பதால் அங்கே அழுத்தலாகாது. பத்து நிமிடம் சென்றபின் மீண்டும் நீவி முடிக்கலாம். "வலிக்கிறதா?" என்று இடையிடையே கேட்பது இன்றியமையாதது.

கை வைக்கக் கூடாத இடங்கள்

இப்பகுதியை நண்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். காய்ச்சல், புண், புதிய சுளுக்கு, எலும்பு முறிவு என்ற ஐயம் ஆகியவை இருப்பின் தேய்த்தல் ஆகாது. நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்க்கு ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதை உருவினால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரையே பறிக்கலாம். நீரிழிவால் பாதம் மரத்தவர்க்கு அழுத்தத்தின் அளவு தெரியாது. அவர்க்கு மென்மையே போதும். கருவுற்றவரும், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவரும், புற்றுநோயாளரும் மருத்துவரைக் கேட்ட பின்பே இதனைச் செய்துகொள்ள வேண்டும்.

பச்சிளங் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் கால்மேல் கிடத்திக் குளிப்பாட்டுவது நம் பாட்டிமார் கலை. தேய்ப்பது நன்று. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், மார்பைப் பிதுக்குவதும் கைவிடத் தக்கவை. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் நிமோனியா உண்டாகும். பிதுக்கிய மார்பு சீழ்பிடிக்கும்.

முடிவுரை

தொக்கணம் எல்லா நோயையும் தீர்க்கும் மந்திரமன்று, வீணான சடங்குமன்று. வலியைத் தணித்து, உறக்கம் தந்து, உழைத்த உடலை மறுநாளைக்கு ஆயத்தம் செய்யும் எளிய உதவி அது. காசில்லாத வீட்டுக்கும் அது கிட்டும். எங்கே தொடலாம் என்பதை நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்து வைத்திருந்தனர். எங்கே தொடலாகாது என்பதை உடலியல் நமக்குக் கற்பிக்கிறது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இத்தகையோர் நம் கல்லூரியில் பலர் உளர். வகுப்பில் கற்ற சிரையும் நரம்பும் தேர்வுத் தாளோடு நின்றுவிடாமல், வீட்டுத் திண்ணையில் அம்மாவிடமும் பாட்டியிடமும் எடுத்துச் சொல்லப்படுமாயின் அதுவே நாம் பெற்ற கல்வியின் பயன் ஆகும்.