வெளிநாட்டு விமானமா? நேரக் கணக்கில் தவறாதீர்கள்!

தென்னேரியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழிக்காதீர்கள். புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் இருக்கும்.

2. சிங்கப்பூர் என்றால் இரண்டரை மணி நேரத்தைக் கழியுங்கள். இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 5.45-க்கு இறங்கினால், பயணம் ஆறரை மணி அல்ல, நான்கு மணிதான். சென்னையிலிருந்து தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர்.

3. லண்டன் என்றால் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். அங்கே கடிகாரம் நம்மைவிடப் பின்தங்கியது. தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர்.

4. போகும் நேரத்தை வைத்தே திரும்பும் நேரத்தைச் சொல்லாதீர்கள். மேலே வீசும் மேலைக்காற்று லண்டன் போகையில் எதிர்க்கும், வருகையில் தள்ளிவிடும்.

5. தேதியை இருமுறை பாருங்கள். நள்ளிரவு 12.30 விமானத்துக்கு முந்தைய நாள் இரவே மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

6. மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையம் சேருங்கள். பாஸ்போர்ட், பாதுகாப்புச் சோதனை வரிசைகள் நீளும். ஒரகடம், தாம்பரம் நெரிசலுக்கென வீட்டிலிருந்து இன்னும் இரண்டு மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

7. நீண்ட பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கால் வீங்கும், ரத்தம் உறையவும் கூடும்.

8. மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் நடுவானில் எடுக்க முடியாது.