கல்லூரி புராஜெக்ட்டிலிருந்து கேம் கம்பெனிக்கு

கம்ப்யூட்டர் கேம்ஸ் விளையாடும் மாணவர்கள் பலருக்கு, இவற்றை உருவாக்கும் வேலைக்கே போனால் என்ன என்ற ஆசை வருவதுண்டு. சி++ ஓரளவு தெரியும். ஆனால் கம்பெனியிடம் எதைக் காட்டுவது என்பது தெரிவதில்லை. இதற்கு விடை தேட, மாணவர்கள் உருவாக்கிய ஒரு கேமைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் டிஜிபென் என்ற கல்லூரி உள்ளது. கேம் தயாரிப்பைப் பாடமாகவே நடத்துகிறார்கள். இங்கு படித்த மாணவர் குழு ஒன்று, 2005ல் நார்பாகுலர் டிராப் என்ற கேமை வெளியிட்டது. (அகராதியில் இல்லாத இந்தப் பெயரை வைத்ததே, சர்ச் இன்ஜினில் தேடினால் தங்கள் கேம் எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான்!) கதை சின்னது. பாதாளச் சிறையில் ஓர் இளவரசி அடைபட்டிருக்கிறாள். அவளால் குதிக்க முடியாது. ஆனால் சுவரில் இரண்டு வாசல்களைத் திறக்கலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வரலாம். கேம் முழுக்க இந்த ஒரே யோசனைதான்.

கல்லூரியில் இதைப் பார்த்த வால்வ் கம்பெனியின் ராபின் வாக்கர், தங்கள் அலுவலகத்திற்கு வந்து காட்டும்படி அழைத்தார். அங்கே பார்த்த கேப் நியூவெல் அந்தக் குழுவையே வேலைக்கு எடுத்துக் கொண்டார். அதே யோசனையை வால்வின் சோர்ஸ் இன்ஜினில் புதிதாக எழுதியபோது, 2007 அக்டோபரில் போர்டல் கேம் வந்தது. பின்னர் அதே கல்லூரியில் பெயிண்ட் பூசி விளையாடும் கேம் ஒன்றைச் செய்த மாணவர்களும் வால்வில் சேர்ந்தனர். 2011ல் வந்த போர்டல் 2ல் உள்ள வண்ணக் குழம்புகள் அதிலிருந்து பிறந்தவை.

இளவரசியின் படத்தை அழகாக வரைந்திருந்தார்கள் என்பதற்காகவா வேலை கிடைத்தது? இல்லை. இப்படியொரு வாசலைத் திரையில் காட்ட என்ன தேவை என்று பாருங்கள். முதல் வாசல் வழியே தெரிவது, இரண்டாவது வாசலுக்குப் பக்கத்தில் உள்ள இடம். எனவே அங்கே இன்னொரு கேமராவை வைத்து, காட்சியை மறுபடியும் வரைய வேண்டும். கேமராவின் இடத்தையும் கோணத்தையும் மேட்ரிக்ஸ் பெருக்கலால் கணக்கிட வேண்டும். வரைந்தது வாசலின் ஓரத்தைத் தாண்டாதபடி வெட்டுவதற்கு ஸ்டென்சில் பபர் உதவும். வாசலுக்குள் இன்னொரு வாசல் தெரிந்தால்? எத்தனை முறை வரைந்தபின் நிறுத்துவது என்றும் முடிவு செய்ய வேண்டும். நாலாவது செமஸ்டரில் தேர்வோடு மறந்துவிட்ட கணக்குதான் இங்கே வேலைக்கு வருகிறது.

நீங்கள் வாசலில் தொடங்க வேண்டாம். பந்தைத் தட்டிச் செங்கல் உடைக்கும் கேம் போதும். யூனிட்டி, கோடாட் போன்ற இன்ஜின்களுக்குப் போகும் முன், ரேலிப் அல்லது எஸ்டிஎல் லைப்ரரியை வைத்து ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். இரண்டும் இலவசம். ஒவ்வொரு பிரேமுக்கும் பந்தை 5 பிக்ஸல் நகர்த்துகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். நொடிக்கு 60 பிரேம் ஓடும் கம்ப்யூட்டரில் பந்து 300 பிக்ஸல் போகும். 30 பிரேம் மட்டுமே ஓடும் பழைய கம்ப்யூட்டரில் 150தான். ஒரே கேம் இரண்டு வேகத்தில் ஓடும்! வேகத்தை நொடிக்கு 300 பிக்ஸல் என்று வைத்து, முந்தைய பிரேமிலிருந்து கடந்த நேரத்தால் பெருக்கினால் இது சரியாகிவிடும். ஆனால் ஒரு பிரேம் திடீரென்று தாமதமானால், பந்து ஒரே தாவலில் செங்கல்லைத் தாண்டிப் போய்விடும். அதை எப்படித் தடுப்பது என்று யோசியுங்கள். இன்டர்வியூவில் பேச நல்ல விஷயம் இது.

வேலைச் சந்தை எளிதாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023, 2024ல் உலகெங்கும் கேம் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கின. பட்டப்படிப்பை நடுவில் விட்டுவிட்டு இதில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சி++, கணிதம் இரண்டும் கையில் இருந்தால் வேறு சாப்ட்வேர் வேலைக்கும் போகலாம்.

விண்ணப்பிக்கும்போது பாதியில் நிற்கும் பத்து புராஜெக்ட்களை அனுப்பாதீர்கள். முடித்த ஒன்று போதும். கேமை உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினால், டிஎல்எல் பைல் இல்லை என்ற செய்திதான் எதிர்முனையில் வரும். கம்பைலர் எதுவும் இன்ஸ்டால் செய்யாத நண்பரின் கம்ப்யூட்டரில் முதலில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிட வீடியோவும், சோர்ஸ் கோடு உள்ள கிட்ஹப் முகவரியும் சேர்த்து அனுப்புங்கள். குழுவாகச் செய்திருந்தால், உங்கள் பங்கு எது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.